64-ம் 64-ம் சமமா? கொரோனா குழப்பத்துக்கு வேலூர் சி.எம்.சி பதிவேடுகள் தந்த பதில்!

"ஊசி போட்டுக்கிட்டவங்களும்தானே ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க... அப்புறம் எதுக்கு ஊசி?"

2021 கோடையில், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது தமிழ்நாட்டின் டீக்கடை, மார்க்கெட், குடும்ப வாட்ஸ்அப் குரூப் என எல்லா இடத்திலும் கேட்ட கேள்வி இது. மளிகையும் காய்கறியும் பாத்திரமும் நெருக்கியடித்து விற்கும் வேலூர் லாங் பஜாரும் அப்போது இதையேதான் பேசிக்கொண்டிருந்தது. அதே வாரங்களில், அதே ஊரின் சி.எம்.சி மருத்துவமனையில், அந்தக் கேள்விக்கான பதில் பதிவேடுகளில் சேர்ந்துகொண்டிருந்தது.

1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. 2021-ல் அங்கே 10,600 ஊழியர்கள். அவர்களின் தடுப்பூசி, பரிசோதனை, அட்மிஷன் விவரங்களை சி.எம்.சி மருத்துவர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். முடிவு அதே ஆண்டு 'மாயோ கிளினிக் புரொசீடிங்ஸ்' என்ற மருத்துவ இதழில் வெளியானது.

நோயாளிகளை விட்டுவிட்டு ஊழியர்கள் ஏன்?

சி.எம்.சி-க்கு வருபவர்கள் வேலூர்க்காரர்கள் மட்டுமல்ல. ஆந்திரா, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் என எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வார்டில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணிவிடலாம். ஆனால், அவர்கள் எத்தனை பேரில் இத்தனை பேர்? காய்ச்சலோடு வீட்டிலேயே இருந்து தேறியவர்கள் எத்தனை பேர்? அது வார்டு நோட்டில் இருக்காது.

ஊழியர்கள் விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. மொத்தம் எத்தனை பேர் என்பது தெரியும். யார் எப்போது ஊசி போட்டார்கள், யாருக்கு ஆர்.டி.பி.சி.ஆர் பாசிட்டிவ், யார் அட்மிட் ஆனார்கள், யாருக்கு ஆக்ஸிஜன் தேவைப்பட்டது என எல்லாவற்றையும் ஆளுக்கு ஆள் பொருத்திப் பார்க்க முடியும்.

வகுத்துப் பார்த்தால்தான் தெரியும்

ஜனவரி 21 முதல் ஏப்ரல் 30 வரை 8,991 ஊழியர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அதில் 93.4% பேர் போட்டது கோவிஷீல்டு. 1,609 பேர் போடவில்லை. பிப்ரவரி 21-லிருந்து மே 19 வரை 1,350 பேருக்குத் தொற்று உறுதியானது.

இரண்டு டோஸும் முடித்தவர்களில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 64 பேர். ஊசியே போடாதவர்களில் சேர்க்கப்பட்டவர்களும் 64 பேர்!

இதை மட்டும் பார்த்தால் பஜார் பேச்சு சரி என்றே தோன்றும். ஆனால், ஒரு தக்காளி வியாபாரியிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு லோடிலும் 64 பழம் அழுகல் என்றால், 'மொத்தம் எத்தனை பழம்?' என்றுதான் அவர் முதலில் கேட்பார். இங்கேயும் அதே கேள்விதான். இரண்டு டோஸ் போட்டவர்கள் 7,080 பேர். அவர்களில் 64 என்பது 0.9%. போடாதவர்கள் 1,609 பேர். அவர்களில் 64 என்பது 4%. நான்கு மடங்குக்கும் அதிகம்.

ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்கள் இரண்டு டோஸ் போட்டவர்களில் 4 பேர், போடாதவர்களில் 11 பேர். ஐ.சி.யு-வுக்குப் போனவர்கள் முறையே 2 பேர், 8 பேர். எல்லாவற்றையும் வகுத்துப் பார்த்த மருத்துவர்கள், இரண்டு டோஸ் தந்த பாதுகாப்பை இப்படிச் சொன்னார்கள்: தொற்றிலிருந்து 65%, மருத்துவமனையில் சேர்வதிலிருந்து 77%, ஆக்ஸிஜன் தேவையிலிருந்து 92%, ஐ.சி.யு-விலிருந்து 94%.

77% என்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். ஊசி இல்லாமல் 100 பேர் அட்மிட் ஆகியிருக்கக்கூடிய இடத்தில், இரண்டு டோஸோடு 23 பேர்தான் அட்மிட் ஆவார்கள். ஊசி போட்டவருக்கு கொரோனாவே வராது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. இரண்டு டோஸ் போட்ட 679 பேருக்கும் தொற்று வந்தது. ஆனால், அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் படுக்கை தேடி அலையவேண்டி வரவில்லை.

காக்கிச் சட்டைக் கணக்கு

ஒரு மருத்துவமனையில் தெரிந்தது வெளியிலும் பொருந்துமா? தமிழ்நாட்டுக் காவல்துறையின் 1,17,524 பேரின் விவரங்களும் இதேபோல ஆராயப்பட்டு, 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் வெளியாகின. இரண்டாம் அலையில் உயிரிழந்த 31 காவலர்களில் 20 பேர் ஊசி போடாதவர்கள், 7 பேர் ஒரு டோஸ் போட்டவர்கள், 4 பேர் இரண்டு டோஸ் போட்டவர்கள். இத்தனைக்கும், ஊசி போடாதவர்கள் 17,059 பேர்தான். இரண்டு டோஸ் போட்டவர்கள் 67,673 பேர். மரணத்தைத் தடுப்பதில் ஒரு டோஸ் 82%, இரண்டு டோஸ் 95% பலன் தந்ததாக அந்த ஆய்வு சொன்னது.

பதிவேட்டையே நம்ப முடியாவிட்டால்?

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் கொரோனா காலமே சாட்சி. 2020 மே 22-ல் உலகப் புகழ்பெற்ற 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 96,032 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்ததாகவும், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை மரண அபாயத்தைக் கூட்டுவதாகவும் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் அந்த மாத்திரை மீதான தன் சோதனையையே தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

'அசல் பதிவுகளைக் காட்டுங்கள்' என்று மற்ற விஞ்ஞானிகள் கேட்டார்கள். தரவுகளைத் தந்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் காட்டவில்லை. ஜூன் 4-ல், இரண்டே வாரத்தில், கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த மாத்திரையால் கொரோனாவுக்குப் பலன் இல்லை என்பது பிறகு முறையான சோதனைகளில் தெரிந்தது.

உண்மையான பதிவேடுகளுக்கும் எல்லை உண்டு. சி.எம்.சி ஊழியர்களின் நடு வயது 33. அதனால் 70 வயது சர்க்கரை நோயாளிக்கு அந்தச் சதவிகிதங்களை அப்படியே பொருத்த முடியாது. ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் மற்ற விஷயங்களிலும் வேறுபட்டிருக்கலாம். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று உறுதியாகச் சொல்ல, குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் சோதிக்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கும் என்பது 2020 ஜூனில் பிரிட்டனில் அப்படித்தான் தெரியவந்தது.

உங்கள் ஃபைல் சரியாக இருக்கிறதா?

இப்படிப்பட்ட ஆய்வுகள் எல்லாம் ஒரு விஷயத்தை நம்பியே இருக்கின்றன: வெவ்வேறு பதிவேடுகளில் இருப்பவர் ஒரே ஆள்தான் என்று தெரிய வேண்டும். நம் ஊரில் அது லேசான காரியமில்லை. உதாரணத்துக்கு, ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு இ.எஸ்.ஐ கார்டில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர் என்று இருந்தால் ஒருவர் இருவராகிவிடுவார். 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த ஆம்பூர், இப்போது திருப்பத்தூர் மாவட்டம். பழைய சீட்டில் ஒரு மாவட்டம், புதியதில் இன்னொன்று!

பெரிய ஆய்வுக்கு மட்டுமல்ல, நாளை உங்களைப் பார்க்கப்போகும் டாக்டருக்கும் இது முக்கியம். அதனால்...

* டிஸ்சார்ஜ் ஆகும்போதே சம்மரியில் பெயர், வயது, இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

* சர்க்கரை, பி.பி, ஆஸ்துமா, அலர்ஜி எதையும் அட்மிஷனின்போது மறைக்காதீர்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள்.

* வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி ஃபைல் வையுங்கள். தடுப்பூசிச் சான்றிதழையும் அதிலேயே வையுங்கள். எல்லாவற்றையும் ஒரு போட்டோ எடுத்து போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

* மத்திய அரசின் 14 இலக்க 'ஆபா' எண் எடுத்திருந்தால், உங்கள் பதிவுகளை யார் பார்க்கலாம் என்று சம்மதம் தருவது நீங்கள்தான். ஓ.டி.பி-யை முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லாதீர்கள்.

* ஆய்வுக்காகக் கையெழுத்து கேட்டால், என்ன ஆய்வு, பெயர் வெளியே வருமா, விருப்பமில்லை என்று சொல்லலாமா என்று தயங்காமல் கேளுங்கள். 'விருப்பமில்லை' என்று சொல்வதால் உங்கள் சிகிச்சை நிற்காது, நிற்கவும் கூடாது.