முகத்து எலும்பும் அறுவை மருத்துவமும்

முகத்தில் ஒரு பக்கத்து எலும்பு மட்டும் வலியின்றி மெல்லப் பருத்து வந்தால், எங்கள் மாதனூர்ப் பக்கத்தில் இரண்டு பேச்சுகள் கிளம்பும். 'புற்றுநோய்தான்' என்பது ஒன்று. 'குடும்பத்து நோய், அந்த வீட்டில் பெண் எடுக்காதீர்கள்' என்பது மற்றொன்று. 'ஃபைப்ரஸ் டிஸ்பிளாசியா' என்னும் நோயைப் பொறுத்தவரை இரண்டுமே பிழை. பின்னதுதான் அதிகக் கொடுமை என்பேன்.

விலங்கியல் மாணவர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். கருவுற்ற பின்னர், வளரும் கருவின் ஏதோ ஒரு செல்லில், 20-ஆம் குரோமோசோமிலுள்ள ஒரு ஜீன் மாறிவிடுகிறது. அச்செல்லின் வழிவந்த செல்கள் இருக்குமிடத்தில் மட்டும் நல்ல எலும்புக்குப் பதிலாக நார்த்திசுவும் முதிராத எலும்பும் உண்டாகின்றன. ஆகவே இது பெற்றோரிடமிருந்து வந்ததன்று, பிள்ளைகளுக்குப் போவதுமன்று. எக்ஸ்ரே படத்தில் அவ்விடம் மங்கல் கண்ணாடி போலத் தோன்றும். ஐயமிருப்பின் சிறு துண்டெடுத்துச் சோதிப்பர். இது புற்றாக மாறுவது மிக அரிது. கதிர்வீச்சுச் சிகிச்சை அந்த ஆபத்தைக் கூட்டும் என்பதால் அதைத் தவிர்க்கின்றனர்.

பருத்த எலும்பைச் சீவி வடிவமைப்பது ஒரு முறை. தோல் ஷாப்பில் ஷேவிங் மெஷின் தோலின் கனத்தைச் சமப்படுத்துவதைப் பார்த்தவர்க்கு இது புரியும். ஆனால் சீவிய தோல் மீண்டும் வளராது, இவ்வெலும்போ வளரக்கூடும். அதனால், அவசரமில்லையெனில், வாலிபப் பருவ வளர்ச்சி அடங்கும்வரை பொறுத்திருப்பர். நோயுற்ற எலும்பை முழுதும் அகற்றி, மண்டையோட்டிலிருந்தோ விலாவிலிருந்தோ எலும்பெடுத்துப் பொருத்துவது இன்னொரு முறை. பல் தாங்கும் தாடையில் அப்படிச் செய்தால் பற்கள் போய்விடும்; அங்கே சீவுவதே மேல்.

நெற்றியும் கண்குழியும் பாதிக்கப்பட்டால் மூளை அறுவை மருத்துவரும் உடனிருக்க வேண்டும். மண்டையோட்டின் உட்புறம் வழியாகக் கண்குழியை அணுகும் முறையை 1967-இல் உலகறியச் செய்தவர் பிரான்சின் பால் டெசியர். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது நமக்கு அருகிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலேதான்!

எனக்கு வியப்பளித்தது பார்வை நரம்பின் கதையாகும். நரம்பு செல்லும் குறுகிய எலும்புக் குழாய் நோயால் நெருக்கப்பட்டிருப்பதை ஸ்கேன் காட்டும். பார்வையோ பல்லாண்டுகள் பழுதின்றி இருக்கும். 'முன்னெச்சரிக்கையாக' அறுத்தால், இருக்கும் பார்வையும் போகலாம். எனவே குறிப்பிட்ட காலத்திற்கொருமுறை கண் பரிசோதனை செய்துவருவதே முறை. பார்வை திடீரெனக் குறைந்தால் மட்டும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அப்போது அறுவை தாமதிக்கத்தக்கதன்று.