பெர்லின் சுவரைத் திறந்த செய்தியாளர் கூட்டம்

பனிப்போர் என்றதும் ஏவுகணைகளும் உளவாளிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். சோவியத் யூனியனும் அமெரிக்காவும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திய அந்தப் போட்டியை அரை மணி நேர அரங்கில் சொல்லி முடிக்க முடியாது. ஆகவே ஒரே ஓர் இரவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1989 நவம்பர் 9. அன்று நடந்ததில் என் தொழிலுக்கும் பங்குண்டு என்பதால் இந்தத் தேர்வு.

முதலில் சுருக்கமாகப் பின்னணி. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை வென்றவர்கள் நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைநகரான பெர்லின் சோவியத் பகுதியின் நடுவில் இருந்தது. அதையும் பங்கு போட்டார்கள். 1948இல் சோவியத் தரப்பு மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலைகளையும் ரயில் பாதைகளையும் அடைத்தது. ஏறக்குறைய 20 லட்சம் மக்களுக்கு மேற்கு நாடுகள் விமானத்திலேயே நிலக்கரியும் உணவும் கொண்டு போய்ச் சேர்த்தன. மொத்தம் 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் அதிகமான பயணங்கள். 1949இல் இரண்டு ஜெர்மனிகள் உருவாயின.

அதன் பிறகு கிழக்கிலிருந்து மக்கள் வெளியேறத் தொடங்கினார்கள். 1961க்குள் 25 லட்சத்துக்கும் அதிகமானோர் போய்விட்டார்கள். மருத்துவர்களும் பொறியாளர்களும் இளைஞர்களும் போய்விட்டால் நாடு எப்படி நிற்கும்? 1961 ஆகஸ்ட் 13ஆம் தேதி விடிவதற்குள் முள்வேலி போடப்பட்டது. பிறகு அது சுவராகி மேற்கு பெர்லினைச் சுற்றி 155 கிலோமீட்டர் நீண்டது. அதைத் தாண்ட முயன்று சுடப்பட்டவர்களும் மற்ற விதமாக அங்கே மாண்டவர்களும் குறைந்தது 140 பேர்.

சுவர் மனிதர்களைத் தடுத்தது; தொலைக்காட்சி அலைகளைத் தடுக்க முடியவில்லை. சுவர் எழுந்த அதே ஆண்டில் கட்சியின் இளைஞர் சங்கத்தினர் வீட்டுக் கூரைகளில் ஏறி, மேற்கை நோக்கியிருந்த ஆண்டெனாக்களைத் திருப்பி வைத்தார்கள், சிலவற்றைப் பிடுங்கவும் செய்தார்கள். பலன் இல்லை. மேற்கு ஒளிபரப்பின் துண்டுகளைக் காட்டி அவற்றை மறுத்துப் பேசுவதற்கென்றே ‘கருப்பு அலைவரிசை’ என்ற நிகழ்ச்சியை 1960 முதல் 1989 வரை நடத்தினார்கள். அதுவும் எடுபடவில்லை. டிரெஸ்டன் வட்டாரத்திலோ மேற்கு அலைகள் எட்டவில்லை. அந்த ஊர்க்காரர்களை மற்றவர்கள் ‘ஒன்றும் தெரியாதவர்களின் பள்ளத்தாக்கு’ என்று கேலி செய்வார்களாம்!

இனி 1989க்கு வருவோம். செப்டம்பரில் ஹங்கேரி தன் எல்லையைத் திறந்துவிட, கிழக்கு ஜெர்மானியர்கள் அந்த வழியாக ஆஸ்திரியாவுக்குப் போனார்கள். அக்டோபர் 9ஆம் தேதி லைப்சிக் நகரில் சுமார் 70 ஆயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அவ்வாண்டு ஜூன் மாதம் பெய்ஜிங்கில் நடந்தது எல்லோர் மனத்திலும் இருந்தது. இங்கும் சுடுவார்களோ என்று அஞ்சிக்கொண்டேதான் நடந்தார்கள். சுடவில்லை. அக்டோபர் 18ஆம் தேதி தலைவர் ஹொனெக்கர் பதவி விலகி, எகோன் கிரென்ஸ் வந்தார்.

மக்களைச் சமாதானப்படுத்தப் புதிய பயண விதி ஒன்றை எழுதினார்கள். விண்ணப்பித்தால் அனுமதி உடனே கிடைக்கும் என்பது அதன் சாரம். கவனியுங்கள், விண்ணப்பிக்க வேண்டும்! மறுநாள் அதிகாலை 4 மணிக்குமுன் வெளியிடக் கூடாது என்றும் ஏற்பாடு. அந்தத் தாளை நவம்பர் 9ஆம் தேதி மாலை கிரென்ஸ், கட்சியின் பெர்லின் தலைவர் குந்தர் ஷபோவ்ஸ்கியிடம் கொடுத்தார். விதியைப் பற்றிப் பேசியபோது ஷபோவ்ஸ்கி அவையில் இல்லை. தாளைச் சரியாகப் படிக்காமலேயே 6 மணிக்குச் செய்தியாளர் கூட்டத்தில் அமர்ந்தார். கூட்டம் நேரலையாக ஒளிபரப்பானது.

ஏழு மணிக்குச் சில நிமிடங்கள் இருந்தபோது இத்தாலியச் செய்தியாளர் ஒருவர் பயண விதி பற்றிக் கேட்டார். ஷபோவ்ஸ்கி தாளைத் தேடி எடுத்து வாசித்தார். எப்போதிருந்து நடப்புக்கு வரும் என்று கேள்வி வந்தது. காகிதங்களைப் புரட்டிவிட்டு, எனக்குத் தெரிந்தவரை உடனடியாக, தாமதமின்றி என்றார். மேற்கு பெர்லினுக்கும் பொருந்துமா? மீண்டும் தாளைப் பார்த்து, ஆம் என்றார்.

அந்தப் பதிவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். கடைசி நிமிடத்தில் கையில் திணிக்கப்பட்ட தாளை நேரலையில் படித்து, நிகழ்ச்சித் தேதியையே தவறாகச் சொல்லிவிட்டு மறுநாள் முழுக்கத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டவள் நான். டிப்ளோமா வகுப்பில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்த பாடம்தான், முன்கூட்டிப் படிக்காததை ஒலிவாங்கி முன் படிக்காதே என்று. ஷபோவ்ஸ்கியோ கட்சி நாளேட்டின் தலைமை ஆசிரியராக இருந்தவர்!

எட்டு மணிச் செய்தியில் மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சி, கிழக்கு எல்லையைத் திறக்கிறது என்று தலைப்பிட்டது. கிழக்கில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு வாசல்களுக்குக் கிளம்பினார்கள். இரவு 10.42க்கு, பலரும் நம்பும் செய்தி வாசிப்பாளர் ஹான்ஸ் யோவாகிம் ஃபிரிட்ரிக்ஸ், சுவரின் கதவுகள் விரியத் திறந்திருப்பதாக அறிவித்தார். அடுத்து நேரலையில் காட்டிய இன்வாலிடன் தெரு வாசலோ அமைதியாக மூடிக் கிடந்தது.

போர்ன்ஹோல்மர் தெரு வாசலில் அன்று பொறுப்பில் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஹரால்ட் யேகர். சாப்பிட்டுக்கொண்டே தொலைக்காட்சியில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர், இவர் என்ன உளறுகிறார் என்று திகைத்தார். மேலிடத்துக்குத் தொலைபேசினார். தெளிவான பதில் இல்லை. கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. அதிகம் கூச்சலிடுபவர்களை மட்டும் அனுப்பிவிடு, திரும்பி வர முடியாதபடி கடப்பிதழ்ப் படத்தின்மேல் முத்திரை குத்து என்று ஓர் உத்தரவு வந்தது. அதைப் பார்த்த மற்றவர்கள், கத்தினால் விடுகிறார்கள் என்று இன்னும் உரக்கக் கத்தினார்கள். காவலர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. நெரிசலில் ஒருவர் விழுந்தாலும், ஒரு காவலர் பதறினாலும் போதும்.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். நடக்காததை நடந்ததாகச் சொன்ன செய்தி அது. அந்தச் செய்தியை நம்பி மக்கள் கூடியதால்தான் பிறகு அது உண்மையானது. அன்று ரத்தம் சிந்தியிருந்தால் அந்த அறிவிப்பை நாம் என்னவென்று சொல்லியிருப்போம்? நல்லபடி முடிந்ததால் பாராட்டுகிறோம். ஆனாலும் மொத்தப் பெருமையையும் தொலைக்காட்சிக்குத் தர நான் தயாராக இல்லை. லைப்சிக்கில் பயத்தோடு நடந்தவர்கள் இல்லையென்றால் அந்தத் தாளே எழுதப்பட்டிருக்காது.

அடுத்த மாதமே நம் வட்டாரத்திலும் ஒரு முடிவு வந்ததை இளையோர் பலர் அறிவதில்லை. 1989 டிசம்பர் 2ஆம் தேதி மால்டா கடலில் புஷ்ஷும் கொர்பச்சோவும் சந்தித்த அதே நாள், தாய்லாந்தின் ஹட்யாய் நகரில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதங்களைக் கைவிட ஒப்பந்தம் செய்தது. அவசரகாலத்தைத் தோட்டத்தில் இருந்து பார்த்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

யேகருக்கு அன்றிரவு சரியான உத்தரவு வரவே இல்லை. சுமார் 11.30 மணிக்கு, எல்லோரையும் விடுங்கள் என்று அவரே தம் ஆட்களிடம் சொன்னார். தடுப்புக் கட்டை உயர்ந்தது. முத்திரை குத்தப்பட்டு முன்பே அப்பால் போயிருந்தவர்களும் அதே வாசல் வழியாகவே வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள்.