கால்கள் மரத்துப்போகுமுன்

கடற்கரையிலிருந்து மின்சார ரயிலில் வருவோர், தாம்பரத்துக்கு முந்திய நிலையத்தின் பெயரை நாள்தோறும் காண்கின்றனர்: தாம்பரம் சானடோரியம். மருத்துவமனை ஒன்றினால் பெயர் பெற்ற நிலையம் அது. டாக்டர் சௌரி முத்து 1928-இல் காசநோயாளர்க்கென அங்கே அந்த இல்லத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. ஆகவே நம் பகுதிக் குடும்பங்களுக்குக் காசநோய் அந்நியமான நோயன்று. அது முதுகெலும்பையும் அரித்துக் கூன் விழச் செய்யும் என்பதை நம் மூத்தோர் கண்ணாரக் கண்டவர்கள்.

இந்த அறிவே சில வேளைகளில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. காசநோயின் உடையை உடுத்துக்கொண்டு வேறொரு நோயும் வரும். மாலைக் காய்ச்சல், இரவில் படுக்கை நனையும் வியர்வை, உடல் மெலிவு, முதுகு வலி ஆகிய அத்தனையும் அதற்கும் உண்டு. அதுவே நிணநீர்ப் புற்றுநோய்.

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அந்த நெறிதான் நிணநீர்க் கணு. கழுத்திலும் அக்குளிலும் மட்டுமன்றி, மார்புக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் முதுகெலும்பை ஒட்டியும் இக்கணுக்கள் உள்ளன. அவற்றிலுள்ள வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே இந்நோய். இதன் ஒரு வகையை 1832-இல் தாமஸ் ஹாட்ஜ்கின் என்னும் ஆங்கில மருத்துவர் விவரித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது.

முதுகெலும்பின் நடுவே ஓடும் தண்டுவடம் நம் சுண்டுவிரல் பருமனே உள்ளது. மூளையின் கட்டளையைக் கால்களுக்கும் சிறுநீர்ப் பைக்கும் கொண்டுசெல்வது அதுவே. அதைச் சூழ்ந்த எலும்புக் குழாயோ சற்றும் விரிந்து கொடுக்காது. எலும்புகளுக்கிடையே உள்ள துவாரங்களின் வழியே கட்டி உள்ளே வளருமாயின், நசுங்குவது தண்டுவடமே.

எம் பங்கைச் சேர்ந்த, வயது ஐம்பதைக் கடந்த ஒருவர் மூன்று மாதங்களாக முதுகு வலியால் துன்புற்றார். வாயு என்றனர் சிலர். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நீவினர் சிலர். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்து, "சாமி, நெஞ்சைச் சுத்திக் கயிறு போட்டு இறுக்கின மாதிரி இருக்கு, படுத்தா வலி கூடுது" என்றார். நான் தலைமேல் கைவைத்துச் செபித்து, வேளாங்கண்ணிக்கு ஒருமுறை போய்வரச் சொன்னேன். அன்றே மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். மருத்துவரை மதித்து நடக்கும்படி சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரம் கூறுவதைப் பலமுறை பீடத்தில் விளக்கியவன் நான்! பத்து நாள் கழித்து அவர் படியேறும்போது கால் மடிந்து விழுந்தார்; மறுநாள் காலை சிறுநீர் பிரியவில்லை.

வலியோடு கால் தளர்தல், நெஞ்சையோ வயிற்றையோ சுற்றி இறுக்கம், பாதத்தில் உணர்வு குன்றுதல், சிறுநீரோ மலமோ கட்டுப்படாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அது அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நோய். திங்கட்கிழமைவரை காத்திருக்கலாகாது. நடக்கும் நிலையில் சிகிச்சை தொடங்கப் பெற்றோர் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கின்றனர். கால்கள் முற்றும் செயலற்று ஓரிரு நாள் கடந்துவிட்டாலோ, அவை மீள்வது அரிது.

எம்.ஆர்.ஐ. படம் நசுங்கிய இடத்தைக் காட்டும். ஆனால் நசுக்குவது காசநோயா, புற்றா என்பதைப் படம் மட்டுமே கொண்டு உறுதி செய்ய இயலாது. ஊசியாலோ அறுவையாலோ சிறிது திசுவை எடுத்துச் சோதித்தாக வேண்டும். "கத்தி பட்டால் புற்று பரவும்" என்று இதனைத் தடுக்கும் உறவினர் எத்தனை பேர்! இச்சோதனையைத் தவிர்த்துக் காசநோய் மாத்திரைகளையே மாதக்கணக்கில் விழுங்குவோர், பொன்னான காலத்தை இழக்கின்றனர். வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து தண்டுவடத்தைக் காக்கும். ஆயினும் அது இப்புற்றையும் சுருக்கிச் சோதனையைக் குழப்பக்கூடும். ஆதலால் எதை முன்னே செய்வது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மருந்துக் கடையில் தாமாக வாங்கி உண்ணலாகாது.

எம் பங்கினருக்குச் சோதனையில் தெரிந்தது நிணநீர்ப் புற்றே. மற்றப் புற்றுகள் பலவற்றைவிட இது மருந்துக்கும் கதிர் சிகிச்சைக்கும் நன்கு கட்டுப்படும். தண்டுவடம்வரை வந்தபின்னும் குணமடைவோர் உளர். நம் தென்சென்னையிலேயே அடையாற்றில் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கியது அது. செலவுக்கு அஞ்சுவோர் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லட்டும்.

அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற அன்று, எண்ணெய்ச் சிமிழோடு நானும் போனேன். அவருடைய மனைவி என்னைக் கண்டதும் கதறிவிட்டார்: "சாமி, அவஸ்தைப் பூசுதலா? அவ்வளவுதானா?" இரண்டாம் வத்திக்கான் சங்கம் அப்பெயரை நோயில் பூசுதல் என மாற்றி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், குருவானவர் வந்தால் சாவு வந்தது என்னும் அச்சம் நம் வீடுகளை விட்டு அகலவில்லை. இது பிழைக்கப் போகிறவருக்கும் உரிய அருட்சாதனம் என்று அந்த அம்மையாருக்குச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கணவருடைய கைகளைத் தாமே விரித்துக் காட்டினார்.

ஓராண்டு ஆகிவிட்டது. வலக்கால் இன்னமும் சற்று இழுக்கிறது. கைத்தடியூன்றி இரண்டாம் திருப்பலிக்கு வருகிறார். முழந்தாளிட முடியாமையால் கடைசி வரிசை நாற்காலியில் அமர்கிறார்.