உறைந்தால் அடைக்காது, கொட்டும்

அண்டார்க்டிகாவின் மக்மர்டோ நிலையத்தருகே கடல்நீர் ஏறக்குறைய மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸ். உப்பின் தயவால்தான் அது இன்னும் நீராக இருக்கிறது. பனித்தளத்தில் துளையிட்டு அதற்குள் இறங்கும் ஆய்வாளர்கள் ஆளுக்கு இரண்டு ரெகுலேட்டர்களோடு போகிறார்கள். ஒன்று உறைந்துவிடலாம் என்று எதிர்பார்த்தே போகிறார்கள்.

ஸ்கூபா சிலிண்டருக்குள் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். ரெகுலேட்டரின் முதல் நிலை அதைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கும். வாயில் கவ்வும் இரண்டாம் நிலை, மூச்சிழுக்கத் தோதாக மிச்சத்தையும் இறக்கித் தரும். சைக்கிள் டியூபின் வால்வை அழுத்திக் காற்றை இறக்கும்போது விரலில் ஜில்லென்று படுமே, அதே கதைதான்: விரியும் காற்று குளிரும். இங்கே விரிவு பல மடங்கு என்பதால் உள்ளே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். வெப்பக் கடலில் சுற்றியுள்ள நீரே அந்த உலோகத்தைச் சூடாக்கிக் காப்பாற்றிவிடும். குளிர்நீரில் அந்தக் கொடை கிடைக்காது. ஐரோப்பியத் தரவிதி 10 டிகிரிக்குக் கீழ்ப்பட்டதைக் குளிர்நீர் என்கிறது.

முதல் நிலையில் ஸ்பிரிங்கைச் சூழ்ந்த நீர் உறைந்து வால்வை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் நிலையிலோ நாம் விடும் மூச்சின் ஈரமே லீவரில் பனியாகப் படியும். உடனே காற்று நின்றுபோகும் என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டு காற்று கொட்டத் தொடங்கும். கொட்டக் கொட்டக் குளிர் ஏறும், பனி இறுகும். சில நிமிடங்களில் சிலிண்டர் காலி.

ஸ்பிரிங்கை நீர் தொடாதபடி மூடி அடைத்த ரெகுலேட்டர்கள் கடையில் கிடைக்கின்றன. அவசியம்தான், ஆனால் பழக்கம் சரியில்லையென்றால் அவையும் உறையும். சிலிண்டரில் நிரப்பும் காற்றில் ஈரம் இருக்கக் கூடாது. தண்ணீருக்கு மேலே ரெகுலேட்டரில் மூச்சு விடக் கூடாது; துருவத்தில் வெளிக்காற்று பெரும்பாலும் கடலைவிட மிகக் குளிர்ந்தது. சோதித்துப் பார்ப்பதைச் சூடான அறையிலேயே முடித்துவிட வேண்டும். காற்றைப் பீய்ச்சும் பொத்தானைத் தொடாதிருப்பது உத்தமம். உடலை நனையவிடாத உலர் உடைக்குக் காற்று ஏற்றுவதானால் விட்டு விட்டுச் சிறிதாக, அதுவும் மூச்சிழுக்காத நேரத்தில்.

அப்படியும் கொட்டினால் இரண்டாவது ரெகுலேட்டருக்கு மாறி, உறைந்ததன் வால்வைத் துணைவர் மூட, இருவரும் மேலேறிவிட வேண்டும். பனி உருகிவிட்டது என்று முக்குளிப்பைத் தொடர்வது முட்டாள்தனம்.

புதுச்சேரியில் ஸ்கூபா பழகிவிட்டு ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் இறங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: அங்கே நீர் ஆண்டு முழுதும் 2 முதல் 4 டிகிரிதான். நம்மூர்க் கடலுக்கு வாங்கிய ரெகுலேட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.