மாட்டுக்கறி பொட்டலத்தில் குதிரைக்கறி!

பொட்டலத்தின் மேல் "மாட்டுக்கறி" என்று அச்சடித்து இருந்தது. உள்ளே இருந்ததோ குதிரைக்கறி!

ஐரோப்பா கண்டத்தையே கலக்கிய மோசடி இது. 2013-ம் ஆண்டு இது அம்பலம் ஆயிற்று.

சோதனையில் தெரிந்தது

முதலில் கண்டுபிடித்தவர்கள் அயர்லாந்து நாட்டின் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள். அவர்கள் 27 வகை மாட்டுக்கறி பர்கர்களைக் கடைகளில் வாங்கினார்கள். பர்கர் என்பது, கொத்திய கறியை வடை போலத் தட்டிச் செய்வது.

கொத்திய கறியைக் கண்ணால் பார்த்தால், எந்த மிருகத்தின் கறி என்று தெரியாது. ஆனால், மரபணு சோதனையில் தெரிந்துவிடும்.

சோதித்தார்கள். 10 வகைகளில் குதிரையின் மரபணு இருந்தது! 23 வகைகளில் பன்றியின் மரபணு இருந்தது!

ஜனவரி 15-ந் தேதி முடிவு வெளியாயிற்று. சுமார் ஒரு கோடி பர்கர்களைக் கடைகளில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் பிரிட்டனிலும் குட்டு உடைந்தது. "லசானியா" என்ற பண்டத்தைச் சோதித்தார்கள். மாவுத் தகடுகளுக்கு நடுவே கறியை வைத்துச் செய்யும் சாப்பாடு அது. சில பொட்டலங்களில் இருந்த கறி முழுவதுமே குதிரைக்கறி!

குதிரை மாடானது எப்படி?

ருமேனியாவில் குதிரைகள் வெட்டப்பட்டன. அங்கே அதைக் குதிரைக்கறி என்றே விற்றார்கள். அதை ஒரு தரகர் வாங்கினார். அவரிடம் இருந்து பிரான்சு நாட்டுக் கம்பெனிக்குப் போயிற்று. அங்கிருந்து லக்சம்பர்க் நாட்டுத் தொழிற்சாலைக்குப் போயிற்று. பிறகுதான் கடைக்கு வந்தது.

இப்படிக் கை மாறும்போது சீட்டும் மாறியது. வழியிலேயே குதிரை, மாடு ஆகிவிட்டது!

காரணம் என்ன? குதிரைக்கறி மலிவு, மாட்டுக்கறி விலை அதிகம். நடுவில் இருந்தவர்களுக்குக் கொள்ளை லாபம்.

2019-ம் ஆண்டு பாரிஸ் நீதிமன்றம் அந்தத் தரகருக்கு 2 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது.

கோபம் எதற்கு?

பிரான்சில் குதிரைக்கறிக்கு என்றே தனிக்கடைகள் உண்டு. விரும்புகிறவர்கள் தெரிந்தே வாங்குவார்கள். அதில் சண்டை இல்லை. தெரியாமல் தின்ன வைத்ததுதான் குற்றம்.

பன்றியைத் தொடாத முஸ்லிம்களும் யூதர்களும் மனம் நொந்தார்கள். குதிரைகளுக்கு வலி நீங்கக் கொடுக்கும் ஒரு மருந்து, கறியில் கலந்திருக்குமோ என்ற பயமும் வந்தது. அந்த மருந்து கொடுத்த குதிரையை உணவுக்கு வெட்டக்கூடாது என்பது சட்டம். சோதித்தபோது சில குதிரைகளில் அந்த மருந்தும் இருந்தது!

ஊர் பார்ப்பது உண்டா?

கடையில் பொட்டலத்தைக் கையில் எடுத்ததும், எல்லோரும் முதலில் பார்ப்பது விலையைத்தான். எந்த ஊர்க் கறி என்று பார்ப்பவர் எத்தனை பேர்? கையில் காசு குறைந்தவர் மலிவுப் பொட்டலத்தைத்தான் எடுக்க முடியும். ஏமாந்தவர்களில் அவர்களும் உண்டு.

2015-ம் ஆண்டு ஏப்ரல் முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆடு, பன்றி, கோழி இவற்றின் பச்சைக்கறிப் பொட்டலத்தில், மிருகம் வளர்ந்த நாட்டையும் வெட்டிய நாட்டையும் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. மாட்டுக்கறிக்கு இந்தச் சட்டம் முன்பே உண்டு.

ஆனால், சமைத்து அடைத்த பொட்டலங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. குதிரைக்கறி ஒளிந்து வந்தது அப்படிப்பட்ட பொட்டலத்தில்தானே!

சட்டம் பாதி வழிதான் வரும். மீதி வழிக்கு, வாங்குகிறவர்கள் வாயைத் திறந்து கேட்க வேண்டும்: "இது எந்த ஊர்க் கறி?"