ஒற்றை ரூபாய் நோட்டைச் சேகரித்தல்

கொங்கு நாட்டின் தொன்மைக்குச் சான்று தேடுவோர் முதலில் நாடுவது உலோகக் காசுகளையே. கோவையை ஒட்டிய வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் கிடைத்த உரோமானியக் காசுப் புதையல்கள் இப்பகுதியின் கடல்கடந்த வணிகத்தை உறுதிசெய்வதால், அந்த நாட்டம் நியாயமானதே. ஆனால் ஈராயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த காசு மீண்டு வருகிறது. காகிதப் பணமோ ஈரத்தாலும் கறையானாலும் கைவியர்வையாலும் ஒரே தலைமுறையில் அழிந்துபோகிறது என்பதால், அது பிழைத்திருப்பது பெரும்பாலும் அதைச் சேகரிப்பவரின் அக்கறையால்தான். இதற்குப் பெருஞ்செல்வம் தேவை என்ற எண்ணம், தஞ்சைப் பெரிய கோயிலின் படத்தைத் தாங்கி 1954-இல் வெளிவந்து 1978-இல் செல்லாததாக்கப்பட்ட ஆயிரம் ரூபாய் நோட்டு போன்றவற்றை நாடுவோருக்கே பொருந்தும். ஒற்றை ரூபாய் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குபவர், குறைந்த செலவிலேயே ஒரு நூற்றாண்டின் பொருளியல் வரலாற்றைத் தொகுத்துவிட முடியும்.

முதல் உலகப் போரின் நெருக்கடியால் வெள்ளி நாணயத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்துடன் 1917 நவம்பர் 30 அன்று இந்நோட்டு வெளியிடப்பட்டு, கட்டுப்படியாகாததால் 1926-இல் நிறுத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போர் அதை 1940-இல் மீட்டு வந்தபோது, சட்டப்படி ரூபாய் நாணயத்துக்கு உரிய தகுதியும் அதற்கு அளிக்கப்பட்டது. பிற நோட்டுகளை ரிசர்வ் வங்கி வெளியிட, இதை மட்டும் இந்திய அரசே வெளியிடுவதும், ஆளுநருக்குப் பதிலாக நிதித்துறைச் செயலாளர் கையெழுத்திடுவதும், தொகையைத் தருவதாக அளிக்கப்படும் உறுதிமொழி இதில் இல்லாதிருப்பதும் அதனால்தான். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சர் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் என்றாலும், 1948-இல் அவர் பதவி விலகியபோது நோட்டுகளில் இங்கிலாந்து மன்னரின் உருவமே நீடித்தது. அசோகத் தூணின் சிங்க முகம் 1949-இல் வந்த ஒற்றை ரூபாய் நோட்டில்தான் முதன்முதலாக இடம்பெற்றது.

சேகரிப்பின் உண்மையான சுவை கையெழுத்துகளில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி நோட்டுகளின் பின்புறத்தில் அச்சான ஆண்டைக் குறிக்கும் வழக்கம் 2005-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தையவற்றின் காலத்தை ஆளுநரின் கையெழுத்தையும், வரிசை எண்ணுக்கு அடியில் சிறிதாகத் தெரியும் ஆங்கில எழுத்தையும் கொண்டே கணிக்க வேண்டும். நிதித்துறைச் செயலாளராக இருந்து பின்னர் ஆளுநரானவர்கள் சிலர் உண்டு: எஸ். ஜெகந்நாதன், ஐ.ஜி. பட்டேல், மன்மோகன் சிங், எஸ். வெங்கிடரமணன், பிமல் ஜலான். 1976 முதல் 1980 வரை செயலாளராக இருந்த மன்மோகன் சிங் கையெழுத்திட்ட ஒற்றை ரூபாய் நோட்டையும், 1982 முதல் 1985 வரை ஆளுநராக இருந்தபோது அவர் கையெழுத்திட்ட பத்து ரூபாய் நோட்டையும் ஒரே பக்கத்தில் வைத்தால், பின்னாளில் பிரதமரான ஒருவரின் பணிவாழ்வே அந்த இரு தாள்களில் தெரியும். இத்தகைய இணைகளைத் தேடுவதற்குப் பணத்தைவிடப் பொறுமையே அதிகம் தேவைப்படும்.

மொய் எழுதும்போது நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என ஒரு ரூபாய் சேர்த்து வைக்கும் வழக்கத்துக்காகப் புது ஒற்றை ரூபாய் நோட்டுகளை எடுத்துவைத்த வீடுகள் கொங்கு நாட்டில் உண்டு என்பதால், தேடலைப் பீரோவிலிருந்தே தொடங்கலாம். வணிகர்களிடம் வாங்கும்போது நோட்டின் நிலையே விலையைத் தீர்மானிக்கிறது. மடிப்பே விழாத தாளுக்கும் நான்காக மடிக்கப்பட்ட தாளுக்கும் பல மடங்கு வேறுபாடு வரும். இடப்பக்கத்தில் இரண்டு சிறு துளைகள் இருந்தால் அதை அழுக்கு நோட்டு என்று ஒதுக்கிவிடக் கூடாது; 2001-இல் ரிசர்வ் வங்கி தடுக்கும்வரை வங்கிகள் நோட்டுக் கட்டுகளைப் பின் அடித்தே கொடுத்துவந்ததால், யார் கையும் படாத நோட்டிலும் அத்துளைகள் காணப்படும். சிக்கனமாகச் சேர்ப்பவருக்கு இவை நல்வாய்ப்பு.

டிராக்டர் படமுள்ள ஐந்து ரூபாய் நோட்டுக்கு இலட்சங்கள் கிடைக்கும் என்று வரும் விளம்பரங்களை நம்பவே கூடாது. தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்திக் கட்டணமும் கமிஷனும் கேட்கும் மோசடிகள் குறித்து 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. 2016 நவம்பரில் செல்லாததாக்கப்பட்ட ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளைப் பொறுத்தவரை, 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகப் பத்துத் தாள்களையும், ஆய்வுக்காகவோ பணச் சேகரிப்புக்காகவோ வைத்திருப்போருக்கு இருபத்தைந்து தாள்களையும் அனுமதிக்கிறது. அதற்கு மேல் வைத்திருந்தால் பத்தாயிரம் ரூபாயோ, முகமதிப்பின் ஐந்து மடங்கோ, எது கூடுதலோ அதுவரை அபராதம் விதிக்கப்படலாம்.

கையிலுள்ள நோட்டைக் கழுவுவதும், இஸ்திரி போடுவதும், செலோடேப் ஒட்டுவதும், லேமினேட் செய்வதும் அதன் மதிப்பைக் கெடுத்துவிடும். இந்திய நோட்டுத் தாள் பருத்தி இழையால் ஆனது என்பதால் அது ஈரத்தை எளிதில் உறிஞ்சும், பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து மையைக் கறைப்படுத்தும் என்பதால், பாலியெஸ்டர் உறைகளில் இட்டு, வெயிலும் மழைக்கால ஈரமும் படாத அலமாரியில் ஆல்பத்தை நிமிர்த்தி வைப்பதே ஏற்றது.