சூரியனைச் சுற்றவைப்பது எது?

பூமி சூரியனைச் சுற்றுகிறது. சூரியன்? அதுவும் சும்மா நிற்கவில்லை. பால்வழி மண்டலத்தின் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி, நொடிக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர் வேகத்தில் நம்மையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு சுற்று முடிய 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

மையத்தில் உள்ள ராட்சதக் கருந்துளைதான் இப்படிச் சுற்றவைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் நிறை சுமார் 43 லட்சம் சூரியன்கள். ஆனால் சூரியனின் பாதைக்குள் அடங்கிய மொத்தப் பொருளோ ஏறத்தாழ 10,000 கோடி சூரியன்களுக்குச் சமம். அதில் கருந்துளையின் பங்கு இருபதாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. விண்மீன்கள், வாயு, தூசி, கரும்பொருள் என எல்லாம் சேர்ந்து இழுக்கும் கூட்டு ஈர்ப்புதான் பாதையைத் தீர்மானிக்கிறது. இந்த இழுப்பு ஒரே புள்ளியிலிருந்து வராததால் பாதையும் தொடங்கிய இடத்திலேயே வந்து மூடும் நீள்வட்டமாக அமைவதில்லை. மையத்தை நோக்கிச் சற்றே நெருங்கியும் விலகியும், பால்வழித் தட்டின் தளத்துக்கு மேலும் கீழும் அசைந்தும் விண்மீன்கள் போகின்றன.

பக்கத்து விண்மீன் இடித்துப் பாதையை மாற்றிவிடாதா? ஒன்றுக்கொன்று பல ஒளியாண்டு இடைவெளி இருப்பதால் அந்தப் பாதிப்பு மிகச் சிறியது. அது சேர்ந்து சேர்ந்து பாதையைத் திருப்பப் பிரபஞ்சத்தின் வயதைவிடப் பன்மடங்கு காலம் ஆகும். இத்தகைய கணக்குகளை 1942-ல் வெளியான தம் நூலில் விரிவாக வகுத்தவர் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சூரியக் குடும்பத்தில் தொலைவு கூடக் கூட வேகம் குறையும்: புதன் நொடிக்கு 47 கி.மீ., சனி 10 கி.மீ.க்கும் குறைவு. ஆனால் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தில் அப்படிக் குறையவில்லை என்று வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970-ல் காட்டினார்கள். ஒளிரும் பொருள் அருகிப்போன ஓரங்களிலும் வேகம் தாக்குப்பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் அங்கே பரவியிருக்கிறது என்ற முடிவுக்கு இது வலுவான காரணமாயிற்று.

நம் மண்டலத்தின் சுழற்சியை அளக்க விண்மீன்களின் இடப்பெயர்ச்சி தெரிய வேண்டும். ஓர் ஆயுள் முழுதும் பார்த்தாலும் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத நகர்வு அது. அதற்குப் பழைய படங்கள் தேவை. ஹைதராபாத்துக்கு இதில் பங்குண்டு. நவாப் ஜபர் ஜங் 1901-ல் தொடங்கிய நிஜாமியா வானாய்வகம் 1908-ல் நிஜாம் அரசின் கைக்கு வந்தது. வானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் படமெடுக்கும் சர்வதேசத் திட்டத்தில், சிலி நாட்டின் சாந்தியாகோ வானாய்வகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த தெற்கு 17 முதல் 23 பாகை வரையிலான பட்டையை அது ஏற்றது. பின்பு வடக்கில் 36 முதல் 39 பாகை வரையும் எடுத்தது. 1918 முதல் 1944 வரை இயக்குநராக இருந்தவர் டி.பி. பாஸ்கரன். கண்ணாடித் தட்டுகளில் பதிந்த புள்ளி ஒவ்வொன்றையும் அளந்து அட்டவணையாக்கினார்கள்.

2000-ல் வெளியான டைக்கோ-2 அட்டவணை, ஹிப்பார்கோஸ் விண்கலத்தின் அளவீடுகளை இந்தப் பழைய அட்டவணைகளோடு ஒப்பிட்டு, சுமார் 25 லட்சம் விண்மீன்களின் நகர்வைக் கணக்கிட்டது. பின்னர் வந்த கையா விண்கலம் அதைவிடப் பல மடங்கு நுட்பமாக அளந்தது. ஆனால் 1910-களில் அந்த விண்மீன்கள் எங்கே இருந்தன என்று நேரில் கண்ட சாட்சி, அன்றைய தட்டுகள் மட்டுமே.